கொயினா மரமும் குழம்பிய நாடியும்

மைசூரிலிருந்து உதகைக்குப் பேருந்தில் செல்லாத மாணவர் நம் சங்கத்தில் அரியர். நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை என்று காடு கடந்து, கூடலூரில் இறங்கித் தேநீர் அருந்தி, மீண்டும் மலையேறத் தொடங்கினால் நடுவட்டம் என்னும் சிற்றூர் வருகிறது. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலைதான். ஆனால், ஒரு காலத்தில் இவ்வூரின் பெயரை அரசாங்கக் கோப்புகளில் ஏற்றியது தேயிலை அன்று. சின்கோனா என்னும் மரம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்கு உரிய அம்மரத்தை மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்குக் கொணர ஏற்பாடு செய்தார். உதகை அரசினர் தோட்டத்தை மேற்பார்த்த மக்கைவர் அதனைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். அதன் பட்டையிலிருந்து எடுத்த மருந்தையே நம் பாட்டிமார் 'கொயினா' என்றனர். முறைக்காய்ச்சலுக்கு அது கைகண்ட மருந்து என்பதை யாவரும் அறிவர்.

அதே பட்டையிலிருந்துதான் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நெறிப்படுத்தும் மருந்து ஒன்றும் பிறந்தது என்பதைப் பலர் அறியார். அம்மருந்தின் வரலாற்றை வழிகாட்டியாகக் கொண்டு, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையை மருந்துகள் எவ்வாறு திருத்துகின்றன, சில வேளைகளில் எவ்வாறு கெடுக்கவும் செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதயத்தின் மின்னாட்சி

நிமிடத்துக்கு 72 முறை என்று கொண்டால், இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. இதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்னும் சிறு திசு உண்டு. தாளக்காரர் தட்டும் தாளத்துக்குக் கச்சேரி முழுதும் கட்டுப்படுவதுபோல, அம்முடிச்சு எழுப்பும் மின்துடிப்புக்கு இதயம் முழுதும் கட்டுப்படுகிறது. நரம்புகளால் அத்தாளத்தை விரைவாக்கவோ தாழ்த்தவோ இயலும். ஆனால் தாளம் இதயத்தினுடையதே.

அங்கெழும் மின்னலை மேலறைகள் இரண்டிலும் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள ஏ.வி. முடிச்சை அடைகிறது. அங்கே ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடி தாமதிக்கிறது. இத்தாமதம் வீணன்று. மேலறைகள் சுருங்கித் தம் குருதியைக் கீழறைகளில் நிரப்புவதற்கு இயற்கை அளித்த அவகாசம் அது. பின்னர் அலை தனிப்பட்ட இழைகளின் வழியே கீழறைகளுக்குள் விரைந்து பாய, அவை ஒருசேரச் சுருங்கிக் குருதியை உடலெங்கும் செலுத்துகின்றன.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உப்புகளிலிருந்துதான். ஓய்வாயிருக்கும் கீழறைத் தசை உயிரணு ஒன்றின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை உடையது. அலை வந்து தொட்டதும் அதன் சுவரிலுள்ள நுண்வாயில்கள் திறக்கின்றன. முதலில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்துக் கால்சியம் நிதானமாக நுழைந்து தசையைச் சுருக்குகிறது. இறுதியில் பொட்டாசியம் வெளியேறி, உயிரணுவைப் பழைய நிலைக்குக் கொணர்கிறது. இவ்வளவும் நடந்து முடிய ஏறத்தாழப் பத்தில் மூன்று வினாடி ஆகிறது. அந்நேரத்தின் பெரும்பகுதியில் வேறெந்த மின்துடிப்பு வந்து தட்டினாலும் உயிரணு இணங்காது. இதனை 'இணங்காக் காலம்' என்று பெயரிட்டு வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் செய்திகள் பலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

ஒழுங்கு குலைவது எங்ஙனம்?

தாளம் தவறும் வழிகள் மூன்று. சைனஸ் முடிச்சு அல்லாத வேறோரிடம் தானே தலைமை தாங்க முற்படுவது ஒன்று. ஒரு துடிப்பு முடிந்த கையோடு உயிரணு தன்னிலை மீளாமல் மீண்டும் துடித்துவிடுவது மற்றொன்று. மூன்றாவதுதான் மிகப் பெருவழக்கு, அது சுழற்சி.

ஒரு கோயிலைச் சுற்றி மாட வீதிகள் நான்கு இருப்பதாகக் கொள்வோம். கிழக்கு வாயிலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ஊர்வலங்கள் புறப்படுகின்றன. ஒன்று தெற்கு வீதி வழியாக, மற்றொன்று வடக்கு வீதி வழியாக. இரண்டும் மேற்கு வாயிலில் எதிர்ப்படுகின்றன. ஒன்றையொன்று கடந்து செல்ல இடமில்லை. ஆகவே கூட்டம் அங்கேயே கலைந்துவிடுகிறது. இயல்பான இதயத்தில் அலை முடிவதும் இவ்வாறே.

இப்போது வடக்கு வீதி சிறிது நேரம் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்கே சென்ற ஊர்வலம் மட்டும் மேற்கு வாயிலை அடைகிறது. எதிரே தடுப்பாரில்லை. அது வடக்கு வீதிக்குள் பின்புறமாக நுழைகிறது. அதற்குள் அடைப்பும் நீங்கிவிட்டது. கிழக்கு வாயிலுக்கே வந்து சேர்கிறது. மீண்டும் தெற்கே திரும்புகிறது. இனி அதற்கு முடிவேது? சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மைன்ஸ் என்னும் அறிஞர் விலங்குகளின் இதயத் தசையை வளையமாக அறுத்து, அலை அதனுள் இவ்வாறு ஓயாமல் சுற்றுவதை 1913-இல் காட்டினார்.

இச்சுழற்சி ஏ.வி. முடிச்சை ஒட்டி நிகழ்ந்தால், நிமிடத்துக்கு 150, 200 என்று திடீரென நாடி ஓடும். மேலறைகளில் பல சுழல்கள் தாறுமாறாக எழுந்தால் அவை சுருங்காமல் நடுங்கும். நாடியில் ஒழுங்கே இராது. கீழறைகளில் அவ்வாறு நேர்ந்தாலோ குருதியோட்டம் நின்று, சில நிமிடங்களில் உயிர் போகும்.

சுழற்சியை நிறுத்த மருந்துக்கு இரண்டு வழிகள் உண்டு. பலவீனமான வீதியை முற்றிலும் அடைத்துவிடலாம். அல்லது உயிரணுக்களின் இணங்காக் காலத்தை நீட்டலாம். ஊர்வலம் சுற்றி வரும்போது எதிரேயுள்ள வீதி இன்னும் திறக்கவில்லையெனில், அது அங்கேயே கலைந்துபோகும் அன்றோ?

ஒரு வணிகர் கற்பித்த பாடம்

வெங்கபாக் என்பார் நாடி ஒழுங்கின்மையை ஆராய்வதில் பேர்பெற்ற டச்சு மருத்துவர். 1912-இல் அவரிடம் வணிகர் ஒருவர் வந்தார். கீழ்த்திசை நாடுகளோடு வாணிகத் தொடர்பு உடையவர். அவருக்கு மேலறை நடுக்கம் இருந்தது. இதற்கு மருந்தில்லை என்று மருத்துவர் கூறவே, "நாளைக் காலை ஒழுங்கான நாடியோடு வருகிறேன்" என்று சொல்லிச் சென்றார் அவர். சொன்னபடியே வந்தார். முறைக்காய்ச்சல் மிகுந்த நாடுகளில் பழகியவராதலால் கொயினாவின் இக்குணத்தைத் தாமே கண்டறிந்திருந்தார். ஒரு கிராம் கொயினாவே அவருடைய இரகசியம்!

வெங்கபாக் இதனை எள்ளி நகையாடவில்லை. பிற நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கே பயன் தந்தது. 1914-இல் தம் நூலில் அதை வெளியிட்டார். பின் 1918-இல் ஃபிரே என்னும் ஜெர்மானிய மருத்துவர் சின்கோனாப் பட்டையிலுள்ள பல பொருள்களையும் சோதித்து, அவற்றுள் குவினிடின் என்பதே ஆற்றல் மிக்கது என்று கண்டார். கொயினாவுக்கும் குவினிடினுக்கும் அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றே. அவை அமைந்த முறையில் மட்டுமே வேற்றுமை. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் காய்ச்சலுக்கும் மற்றவர் இதயத்துக்கும் பேர்பெற்றதுபோல் ஆயிற்று.

இதற்கும் மூத்ததொரு மூலிகை மருந்து டிஜிட்டாலிஸ். ஆங்கில மருத்துவர் விதரிங் நாட்டுப்புற மூதாட்டி ஒருவரின் கைமருந்தை ஆராய்ந்து, அதிலிருந்த பல பச்சிலைகளுள் வேலை செய்வது இதுவே என்று தெளிந்து, 1785-இல் நூலாக எழுதினார். இது மேலறை நடுக்கத்தை நிறுத்துவதில்லை. ஏ.வி. முடிச்சைத் தாமதப்படுத்தி, கீழறைகள் அந்நடுக்கத்துக்கு ஈடுகொடுத்து ஓடாதபடி காக்கிறது. ஆயினும் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நம் வேலிகளில் பூக்கும் அரளியின் நஞ்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்றால் அதன் கடுமை விளங்கும்.

நான்கு வகை மருந்துகள்

மருந்துகள் பெருகவே அவற்றை வகைப்படுத்த வேண்டியதாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்த வாஹன் வில்லியம்ஸ் 1970-இல் அதற்கு வழிவகுத்தார். பிஜித் தீவில் பிறந்த இந்திய வழியினரான பிரமா சிங் அவரோடு உழைத்தவர். பின்னர் விரிவடைந்த அப்பாகுபாடு நான்கு பிரிவுகளைக் கொண்டது.

முதல் வகை, சோடியம் வாயிலை அடைப்பவை. அலையின் வேகம் குறையும். பலவீனமான பாதை அடைபடும். குவினிடின், லிடோகெயின், ஃபிளிகெயினைடு ஆகியன இதிற் சேரும். பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போகப் போடும் ஊசி மருந்தும் லிடோகெயின்தான். நரம்பிலும் இதயத்திலும் அது செய்யும் தொழில் ஒன்றே.

இரண்டாம் வகை, அட்ரினலினின் தூண்டுதலைத் தடுப்பவை. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் இவற்றுள் புகழ்பெற்றது. அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அச்சமும் ஓட்டமும் இதயத்தை முடுக்குவதை இவை மட்டுப்படுத்துகின்றன. பெயரில் ஆரவாரமில்லை, ஆயினும் மாரடைப்புக்குப் பின் உயிர் காப்பதில் இவற்றுக்கு நல்ல சான்று உண்டு.

மூன்றாம் வகை, பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துபவை. இணங்காக் காலம் நீளுகிறது. அமியோடரோன் இவற்றின் தலைமை மருந்து. எகிப்தில் வழங்கிய மூலிகையொன்றின் சத்தைப் பின்பற்றிப் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. மார்வலிக்கென்று வந்து, நாடி மருந்தாக நிலைபெற்றது. ஆற்றல் மிக்கது, விலையும் வாங்கும். இதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். ஆதலால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கக்கூடும். நுரையீரல், கல்லீரல், கண், தோல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். உட்கொள்வதை நிறுத்திய பின்னும் பல வாரங்கள் உடலில் தங்கியிருக்கும்.

நான்காம் வகை, கால்சியம் வாயிலை அடைப்பவை. வெரபமில் ஓர் எடுத்துக்காட்டு. ஏ.வி. முடிச்சு கால்சியத்தை நம்பியே இயங்குவதால், அங்கு நிகழும் சுழற்சியை இவை அறுக்கின்றன.

டிஜிட்டாலிசும் அடினோசினும் இந்நான்கிலும் அடங்காதவை. அடினோசின் சிரையில் செலுத்தப்பட்ட கணத்தில் ஏ.வி. முடிச்சைச் சில நொடிகள் மூடிவிடுகிறது. ஊர்வலம் கலைகிறது, சைனஸ் முடிச்சு மீண்டும் தாளம் தொடங்குகிறது. பத்து வினாடிக்குள் மருந்தில் பாதி அழிந்துவிடும். இன்னும் வியப்பு, சிலருக்கு அம்மருந்தும் வேண்டுவதில்லை. மூச்சையடக்கி முக்கிய பின், உடனே படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் நூற்றுக்கு 43 பேருக்கு நாடி நேராயிற்றென்றும், உட்கார்ந்தபடியே முக்கிய பழைய முறையில் 17 பேருக்கே நேராயிற்றென்றும் 2015-இல் பிரிட்டனில் ஆராய்ந்து கண்டனர்.

மருந்தே பகையான கதை

இதுவரை கூறியதைப் படித்தவர், 'துடிப்பு தவறினால் அதை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் போயிற்று' என்று எண்ணுவது இயல்பே. 1980-ஆம் ஆண்டுகளில் மருத்துவ உலகமும் அவ்வாறுதான் எண்ணியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குக் கீழறைகளில் மிகைத்துடிப்புகள் தோன்றுவதுண்டு. அவை உள்ளவர்கள் திடீரென இறப்பதும் மிகுதி. என்கெயினைடு, ஃபிளிகெயினைடு ஆகிய மருந்துகள் மிகைத்துடிப்புகளை அழகாக அடக்கின. ஆகவே மரணமும் குறையும் என்று நம்பினர். பலருக்குக் கொடுத்தும் வந்தனர்.

நம்பிக்கை வேறு, மெய்ப்பித்தல் வேறு. அமெரிக்காவில் தொடங்கிய பெருஞ்சோதனையொன்றில், அம்மருந்துகளால் மிகைத்துடிப்பு அடங்கியோரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு மருந்தும் மற்றவருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்தனர். 1989-இல் அப்பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991-இல் முழுக் கணக்கு வெளிவந்தது. மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரே இறந்திருந்தனர். ஈ.சி.ஜி. தாளில் நோய் தணிந்தது; நோயாளரோ மாண்டனர்.

இஃது ஏன் நேர்ந்தது? மீண்டும் மாட வீதிக்கே செல்வோம். மாரடைப்பால் தழும்பேறிய இதயத்தில் அடைபட்ட சந்துகள் பல உண்டு. சோடியத்தைத் தடுக்கும் மருந்து அலையின் நடையைத் தளர்த்துகிறது. விரைந்து வந்திருந்தால், மூடிய வீதியில் முட்டி ஊர்வலம் கலைந்திருக்கும். தளர்நடை போட்டு வருவதாலோ, அது வந்து சேர்வதற்குள் வீதி திறந்துவிடுகிறது, சுழற்சி நிலைபெறுகிறது. சுழற்சியை அறுக்கும் அதே குணம், இடம் மாறினால் சுழற்சியை வளர்க்கிறது!

இணங்காக் காலத்தை நீட்டும் மருந்துகளிலும் இடர் உண்டு. அளவுக்கு மேல் நீண்டால், உயிரணு தன்னிலை மீளுமுன் தானே துடித்து, முறுக்கிய கயிறுபோல் ஈ.சி.ஜி. தாளில் தோன்றும் கொடிய ஓட்டத்தை விளைவிக்கிறது. குவினிடின் உண்டோர் சிலர் திடீரென மயங்கி விழுந்ததன் காரணம் கீழறை நடுக்கமே என்பது 1964-இல் தெளிவாயிற்று. உடலில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இவ்விடர் மிகும். ஆகையால் வயிற்றுப்போக்குகூட இம்மருந்துண்போருக்குச் சிறிய செய்தியன்று.

சர்ப்பகந்தி வெளிப்படுத்துவது, கொயினா காப்பது

நம் நாட்டு மூலிகையொன்றுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தில்லியில் ஹக்கீம் அஜ்மல்கான் யூனானி, ஆயுர்வேத மருந்துகளை விஞ்ஞான முறையில் ஆராய விரும்பி, சலீமுஸ்ஸமான் சித்திக்கியை அப்பணிக்கு அமர்த்தினார். ஹக்கீம் 1927-இல் மறைந்தார். 1931-இல் சித்திக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, தம்மை ஆதரித்தவரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். அதுவும் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்தே.

1992-இல் புருகாடா உடன்பிறந்தார் ஒரு பரம்பரை நோயை விளக்கினர். அது பெற்றவரின் இதயம் பார்வைக்கு நலமாயிருக்கும். ஆயினும் உறக்கத்திலும் ஓய்விலும் கீழறை நடுக்கத்தால் உயிர் போகக்கூடும். ஈ.சி.ஜி.யில் அதன் அடையாளம் பலருக்கு மறைந்தே இருக்கும். மருத்துவமனையில், தக்க கருவிகள் அருகிருக்க, அஜ்மலினைச் சிரையில் செலுத்தினால் மறைந்த அடையாளம் வெளிப்படும். அந்நோயாளருள் சிலருக்குத் துணைநிற்கும் மருந்து எது தெரியுமா? குவினிடின். பொட்டாசியம் வாயிலொன்றை அது அடைப்பதே அங்கே பயன் தருகிறது. சர்ப்பகந்தி வெளிப்படுத்த, கொயினா மரம் காக்கிறது! ஆனால் சர்ப்பகந்தி வேரை வாங்கி அரைத்துக் குடிக்கலாம் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. வேரில் பல பொருள்கள் உண்டு, அளவும் அறியவொண்ணாது.

நாடியைத் தொடாமல் காக்கும் மருந்து

மேலறை நடுக்கத்தால் வரும் பெருங்கேடு படபடப்பு அன்று. நடுங்கும் அறையில் குருதி தேங்கி உறைகிறது; அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். நம் நாட்டில் சிறுவயது வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியோர் பலர். இளமையிலேயே இந்நடுக்கத்துக்கு ஆளாகின்றனர். அவர்களுக்கு நாடியைத் திருத்துவதைவிடக் குருதி உறையாமல் காப்பதே முதற்கடமை. புதிய மருந்தொன்றைப் பழைய வார்ஃபரின் வகையோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளிவந்தது. வாதக்காய்ச்சலால் இதயம் கெட்டோருக்குப் பழைய மருந்தே மேல் என்று அது காட்டிற்று. புதியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. ஆனால் வார்ஃபரின் உண்போர் முறையாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு மாத்திரையின் விலையைவிட, பரிசோதனைக்காகப் பட்டணம் வந்துபோகும் செலவும் இழக்கும் ஒரு நாள் கூலியுமே பெருஞ்சுமை. படித்த இளைஞர் தம் ஊரில் ஒருவருக்கேனும் இதில் துணைநின்றால் அது ஓர் உயிரைக் காத்ததாகும்.

இன்று மருந்தொன்றே வழியன்று. சுழலும் பாதையைச் சுட்டு அழித்து நிலையாகத் தீர்க்கும் சிகிச்சை உண்டு. உடலுக்குள் பொருத்தி, ஆபத்து வேளையில் மின்னதிர்ச்சி கொடுத்துக் காக்கும் கருவியும் உண்டு. இத்தகைய நோய்களுக்கென்றே நம் மைசூரில் ஜெயதேவ இதயநோய் மருத்துவமனை இருக்கிறது.

நிற்க. தேர்வுக்கு முந்திய இரவில் நெஞ்சு படபடப்பது நம்மில் பலருக்கு வழக்கம். பெரும்பாலும் அது காப்பியும் கண்விழிப்பும் செய்யும் வேலை. ஆனால் படபடப்போடு மயக்கம் வந்தாலும், ஓடும்போது நினைவு தவறினாலும், குடும்பத்தில் இளவயதினர் எவரேனும் காரணமின்றித் திடீரென இறந்திருந்தாலும் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். அறைத்தோழருக்குப் பயன்பட்ட மாத்திரையை நாமும் விழுங்கிப் பார்ப்பது தகாது. அவருடைய வீதியும் நம் வீதியும் ஒன்றல்ல.

அடுத்த முறை உதகைக்குச் செல்லும்போது நடுவட்டத்தில் ஒரு கணம் வெளியே பாருங்கள். காய்ச்சலுக்கென்று அங்கே நட்ட மரத்தின் இனம் இதயத்துக்கும் மருந்து தந்தது. மருந்தை அளந்தறிந்து கொடுக்காவிடில் அதுவே உயிரையும் வாங்கும் என்ற பாடத்தையும் தந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்வோமாக.